விழுந்த இடமும் வழுக்கிய இடமும்

1993 மார்ச் 30 இரவு, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒருவர் எழுதிய நிரல் தனக்குத் தானே பதில் போட ஆரம்பித்தது. யூஸ்நெட் என்ற விவாத வலையில் பெயரை மறைத்துக்கொண்டு எழுதுகிறவர்களின் பதிவுகளைத் தேடிப்பிடித்து நீக்குவதுதான் அதற்கு இட்ட வேலை. நீக்கும்போது அது ஓர் அறிவிப்பையும் வெளியிடும். அந்த அறிவிப்பையே பெயரில்லாத பதிவு என்று எடுத்துக்கொண்டு அதற்கு ஓர் அறிவிப்பு, பிறகு அதற்கும் ஓர் அறிவிப்பு என்று போய், விடிவதற்குள் ஒரே குழுவில் 200க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொட்டிவிட்டது. ஒவ்வொரு பதிவிலும் தலைப்பு வரி முந்தையதைவிட நீளம். போகப் போகத் தலைப்பு மட்டுமே பல திரைகளுக்கு ஓடியது. அன்றைய வலையுலகத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் திட்டினார்கள். எங்கோ ஒரு மின்னஞ்சல் சர்வர் இந்தப் பதிவுகளைத் தாங்காமல் விழுந்தது.

அப்படி விழுகிற சர்வரைப் பார்த்துக்கொள்பவர் எதையும் மாற்றியிருக்கத் தேவையில்லை. நேற்று ஓடிய அதே மென்பொருள், அதே வட்டு, அதே நினைவகம். உள்ளே வந்த சரக்குதான் வேறு. யூஸ்நெட் சர்வரின் தலையெழுத்தே இதுதான்: முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் எழுதியதை இரவும் பகலும் வந்த வேகத்தில் விழுங்கியாக வேண்டும். யூனிக்ஸில் நிரல்கள் எப்படிச் சாகின்றன, செத்த காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

யூஸ்நெட் 1979இல் வட கரோலினாவில் பிறந்தது. ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசனையைக் கிளப்ப, பக்கத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் முதல் வடிவத்தை ஷெல் ஸ்கிரிப்டாக எழுதினார். அடுத்த வருடம் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். இதற்கு மையம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு சர்வரும் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரு பிரதி வைத்திருக்கும்; புதிதாக வந்ததைத் தன் அண்டை சர்வர்களுக்குத் தள்ளிவிடும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில், பின்னால் லினக்ஸ் ஆன தன் இயங்குதளத்தைப் பற்றி முதலில் சொன்னது இங்கேதான். தொண்ணூறுகளில் வெளிநாட்டுத் தமிழர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிச் சண்டை போட்ட சாக்.கல்ச்சர்.டமில் என்ற குழுவும் இதில்தான் இருந்தது.

1986இல் பிரையன் கேன்டரும் ஃபில் லாப்ஸ்லியும் வகுத்த என்என்டிபி என்ற நெறிமுறைதான் சர்வர்கள் பேசிக்கொள்ளும் மொழி. 119ஆம் போர்ட்டில் நடக்கும் உரையாடல் ரொம்பச் சுருக்கமானது. “இந்த அடையாளமுள்ள பதிவு என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?” என்று ஒரு சர்வர் கேட்கும். 335 என்று பதில் வந்தால் ‘அனுப்பு’. 435 என்றால் ‘வேண்டாம்’. பதிவு முழுதாக வந்து சேர்ந்தபின் 235: ‘வாங்கிக்கொண்டேன்’. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கொலை வழக்கில் சாட்சி சொல்ல வரும்.

பெற்றதை சர்வர் மூன்று இடங்களில் குறித்துக்கொள்ளும். முதலாவது ஸ்பூல். பழைய முறையில் ஒரு பதிவுக்கு ஒரு கோப்பு. சாக் என்ற கோப்பகத்துக்குள் கல்ச்சர், அதற்குள் டமில், அதற்குள் 4321 என்று வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பு. இரண்டாவது ஆக்டிவ் என்ற கோப்பு: எந்தெந்தக் குழு உண்டு, அதில் கடைசிப் பதிவின் எண் என்ன என்ற பட்டியல். மூன்றாவது ஹிஸ்டரி: இதுவரை வந்த பதிவுகளின் அடையாளங்கள். ஒரே பதிவு நாலு பக்கத்திலிருந்து வரும்போது மூன்றை மறுக்க உதவுவது இந்தக் கோப்புதான். லட்சக்கணக்கான வரிகளில் ஒன்றை நொடியின் சிறு பகுதிக்குள் தேட, பக்கத்திலேயே டிபிஇஸட் என்ற ஹாஷ் அட்டவணை ஒன்று இருக்கும். அடையாளத்தைக் கொடுத்தால் அந்த வரி கோப்பில் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று சொல்லும்.

ஏ நியூஸ், பி நியூஸ், சி நியூஸ் என்று மென்பொருள்கள் மாறி மாறி வந்து, 1992இல் ரிச் சால்ஸ் எழுதிய இன்டர்நெட்நியூஸ் வெளியானது. சுருக்கமாக ஐஎன்என். அதற்கு முன்னால் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி நிரல் எழுந்து, ஒன்றுக்கொன்று கோப்பைப் பூட்டிக் காத்துக்கிடக்கும். சால்ஸ் அதைத் தலைகீழாக்கினார். எல்லா வரவையும் ஒரே டீமன் பார்த்துக்கொள்ளும். அது ஒருபோதும் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பூட்டும் தொல்லை போயிற்று, வேகம் கூடியது. பதிலுக்குக் கொடுத்த விலை: அந்த ஒரு டீமன் செத்தால் எல்லாம் நின்றது. நல்ல பேரம்தான் என்பது என் கருத்து. ஆனால் அந்த விலையைக் கட்டியவர்கள் அதிகாலையில் எழுப்பப்பட்ட நியூஸ் அட்மின்கள், அதாவது யூஸ்நெட் சர்வர்களின் நிர்வாகிகள்.

எழுப்பப்பட்டவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உண்மையிலேயே செத்ததா என்பது. ‘நியூஸ் டவுன்’ என்று வாசகர் சொல்வதில் பாதி, டீமன் உயிரோடு உட்கார்ந்துகொண்டு புதுப் பதிவு எதையும் வாங்க மறுக்கும் நிலை. ஐஎன்என் மொழியில் இதற்கு த்ராட்டில் என்று பெயர். வட்டில் எழுத முடியாமல் போனால் டீமன் தானே த்ராட்டில் ஆகிவிடும். இது தவிர இன்வாட்ச் என்று ஒரு காவல் ஸ்கிரிப்ட், சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்து, வட்டில் இடம் குறைந்தாலோ கணினியின் சுமை எகிறினாலோ வரவை நிறுத்தும். என்ன காரணத்தால் நிறுத்தியது என்பதையும் அது எழுதி வைக்கும். கேட்டால் சொல்லும். கேட்காமல் கணினியையே ரீபூட் செய்கிறவர்கள் எக்காலத்திலும் உண்டு.

உண்மையிலேயே செத்திருந்தால் அடுத்த கேள்வி: தானாகப் போனதா, கொல்லப்பட்டதா? யூனிக்ஸில் ஒரு நிரல் முடிய இந்த இரண்டு வழிகள்தான். தானாகப் போகிற நிரல், ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், கணினியின் பொதுக் குறிப்பேடான சிஸ்லாக்கில் ஒரு வரி விட்டுவிட்டுப் போகும்: இவ்வளவு பைட் நினைவகம் கேட்டேன், கிடைக்கவில்லை, போகிறேன். கொல்லப்பட்ட நிரலுக்கு அந்த அவகாசம் இல்லை. இயங்குதளத்தின் கருவான கர்னல் அனுப்பிய சிக்னலின் எண்தான் மிஞ்சும். 11 என்றால் தனக்குச் சொந்தமில்லாத நினைவக முகவரியைத் தொட்டிருக்கிறது. 6 என்றால் உள்ளே ஏதோ கணக்கு உதைக்கிறது என்று தன்னையே முடித்துக்கொண்டது. 9 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றார்கள். கொன்றது மனிதர் இல்லையென்றால், லினக்ஸில் அது பெரும்பாலும் நினைவகம் தீர்ந்த நேரத்தில் கர்னலே எடுத்த முடிவு. அதன் குறிப்பு கர்னல் லாகில் இருக்கும், நியூஸ் லாகில் இருக்காது. தவறான லாகை மணிக்கணக்காகப் படிப்பது இந்தத் தொழிலின் பழைய வியாதி.

சிக்னல் 11இல் சாகும்போது கர்னல் ஓர் உதவி செய்கிறது. நிரலின் நினைவகம் அந்தக் கணத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு கோப்பில் கொட்டி வைக்கிறது. பழைய யூனிக்ஸில் அந்தக் கோப்பின் பெயர் வெறும் ‘கோர்’. டிபக்கரில் அதைத் திறந்து பேக்ட்ரேஸ் கேட்டால், எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு, அது எதைக் கூப்பிட்டு, எந்த வரியில் உயிர் போனது என்று அடுக்கடுக்காகக் காட்டும். முதன்முதலாக அதைப் பார்க்கிறவருக்கு வேலை முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

ஆனால் முதலில், கோர் கோப்பு கிடைக்க வேண்டும். கோப்பின் அளவுக்கு வரம்பு பூஜ்யம் என்று யாராவது அமைத்திருந்தால் கிடைக்காது. டீமன் நின்றிருந்த கோப்பகத்தில் அதற்கு எழுத உரிமை இல்லையென்றால் கிடைக்காது. வேறு பயனரின் அதிகாரத்தைக் கடன் வாங்கி ஓடும் நிரல்களுக்கு, கடவுச்சொல் போன்றவை கசியக்கூடாது என்பதால், பெரும்பாலும் கர்னல் கோர் எழுதாது. வட்டு நிரம்பியதால் செத்திருந்தால், அதே காரணத்தால் கோரும் அரைகுறையாக நிற்கும். எல்லாம் சரியாக இருந்து கோர் கிடைத்தபோதும், இடம் மிச்சம் பிடிக்க நிறுவும்போதே நிரலிலிருந்து பெயர்களை உரித்திருந்தால், பேக்ட்ரேஸில் ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் பதினாறடிமான எண்கள்தான் தெரியும்.

இனிதான் விஷயமே. பேக்ட்ரேஸ் காட்டுவது விழுந்த இடம். வழுக்கிய இடம் அது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சி மொழியில் 100 பைட்டுக்கு இடம் ஒதுக்கி 110 பைட் எழுதினால் யாரும் தடுக்க மாட்டார்கள். மிச்சமுள்ள 10 பைட் பக்கத்து இடத்தில் போய் விழும். அங்கே எது இருந்ததோ அது அழியும். அந்த ‘எது’ பல சமயம் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் மாலக் என்ற நூலகம் தனக்காக எழுதிவைத்திருக்கும் கணக்கு. எழுதிய நொடியில் ஒன்றும் நடக்காது. அரைமணி கழித்து, சம்பந்தமே இல்லாத ஓர் இணைப்பு மூடப்படும்போது, அதன் நினைவகத்தைத் திருப்பித் தர ஃப்ரீ என்று கூப்பிடுவார்கள். அப்போது மாலக் தன் கணக்கைப் புரட்டும், அங்கே குப்பை, அந்தக் குப்பையை முகவரி என்று நம்பிப் போகும், சிக்னல் 11. பேக்ட்ரேஸின் உச்சியில் மாலக்கின் பெயர் இருக்கும். நூலகத்தில் பக் என்று முடிவு கட்டி, இயங்குதளம் விற்ற நிறுவனத்துக்குக் காட்டமாகக் கடிதம் எழுதியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மாலக்கில் செத்தால் மாலக்கைச் சந்தேகிக்காதே என்பது இந்தத் தொழிலில் அடிபட்டுக் கற்கும் பாடம்.

அப்படிப்பட்ட வழக்கில் பேக்ட்ரேஸைவிட நேரங்களின் பட்டியல் உதவும். எத்தனை முறை விழுந்தது, ஒவ்வொரு முறையும் மணி என்ன, அதற்குச் சற்று முன் எந்த அண்டை சர்வர் பேசிக்கொண்டிருந்தது? எழுதிப் பார்த்தால் மூன்று வடிவங்களில் ஒன்று கிடைக்கும்.

தினமும் ஏறத்தாழ ஒரே மணிக்கு விழுந்தால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அட்டவணையைத் திறக்க வேண்டும். செய்தி சர்வரில் நள்ளிரவு வேலைகளில் பெரியது எக்ஸ்பயர். பழைய பதிவுகளை அழித்து இடம் உண்டாக்குவது. செய்தியின் அளவு வருடந்தோறும் ஊதிக்கொண்டே போனதால் இது உயிர்நாடியான வேலை: ஆல்டோபியா என்ற சேவை நிறுவனத்தின் கணக்கில் 1996 டிசம்பரில் நாளொன்றுக்கு சுமார் 4.5 ஜிகாபைட் வந்தது. 2000 ஜனவரியில் சுமார் 82. எக்ஸ்பயர் ஓடாத ஒரு ராத்திரி போதும், வட்டு நிரம்ப. அந்த எக்ஸ்பயருக்குள்ளேயே ஒரு கண்ணி இருக்கிறது. அது ஹிஸ்டரி கோப்பை இருந்த இடத்திலேயே திருத்துவதில்லை. புதிதாக ஒன்றை எழுதி முடித்தபின் பழையதை மாற்றுகிறது. பாதியில் மின்சாரம் போனாலும் பழையது பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம். ஆனால் புதியதை எழுதும் வரை இரண்டுக்கும் இடம் வேண்டும். வட்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் புதியது எழுதப்படாது, எக்ஸ்பயர் தோற்கும், இடம் கிடைக்காது, மறுநாள் ராத்திரியும் தோற்கும். இடம் உண்டாக்கவே இடம் வேண்டும். இதற்காகவே புதிய ஹிஸ்டரியை வேறொரு வட்டில் எழுதச் சொல்லும் வசதி எக்ஸ்பயரில் உண்டு. மாதத்துக்கு ஒருமுறைகூட யாரும் அதைத் தொட மாட்டார்கள். தேவைப்படுகிற ராத்திரியில் அதுதான் கைகொடுக்கும்.

‘இடமில்லை’ என்ற செய்தியையும் அப்படியே நம்பக்கூடாது. டிஎஃப் கட்டளை போட்டுப் பார்த்தால் வட்டில் 30 சதவீதம் காலி என்று வரும். டீமனோ வட்டில் இடமில்லை என்று கதறும். இரண்டும் உண்மை. யூனிக்ஸின் கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற ஒரு சிறு பதிவேடு வேண்டும்: யாருடைய கோப்பு, எவ்வளவு பெரியது, வட்டில் எங்கெங்கே இருக்கிறது என்ற விவரம். பழைய கோப்பு முறைகளில் ஐநோடுகளின் எண்ணிக்கை வட்டைத் தயார்செய்யும் அன்றே முடிவாகிவிடும். சாதாரணப் பயனர்களின் கோப்புகளை மனதில் வைத்துத்தான் அந்த எண்ணிக்கை தீர்மானிக்கப்பட்டிருக்கும். யூஸ்நெட் பதிவுகளோ பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோபைட்தான். கோப்புகள் குட்டிகுட்டியாக லட்சக்கணக்கில் சேர, இடம் மிச்சமிருக்கும்போதே ஐநோடு தீர்ந்துவிடும். கர்னலிடம் இரண்டு நிலைக்கும் ஒரே பிழை எண்: 28, இடமில்லை. டிஎஃப் கட்டளையோடு மைனஸ் ஐ என்று சேர்த்துப் போட்டால்தான் குட்டு வெளியாகும். வைத்தியம் கொடுமையானது: எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கிலோபைட்டுக்கு ஓர் ஐநோடு என்று கேட்டு வட்டை மறுபடி தயார்செய்ய வேண்டும். அதற்குப் பதில் பதிவுகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பக்கத்து சர்வர்களில் எல்லாவற்றுக்கும் பிரதி இருக்கிறதே.

இரண்டாவது வடிவம்: ஓட ஆரம்பித்து ஏறத்தாழ இத்தனை மணி நேரத்தில் விழும். திங்கள் காலை தொடங்கினால் புதன் மாலை. புதன் மாலை தொடங்கினால் வெள்ளி. இது கடிகாரத்தைப் பார்க்காமல் வயதைப் பார்த்து வரும் சாவு. எதுவோ ஒன்று மெல்லக் கசிகிறது. நினைவகமாக இருக்கலாம், விளம்பரக் குப்பையைத் தடுக்க டீமனுக்குள் செருகிய பெர்ல் வடிகட்டி தான் கண்ட ஒவ்வொரு பதிவையும் நினைவில் வைத்துக்கொண்டே போகலாம். கோப்பு எண்களாக இருக்கலாம். மூடப்படாத இணைப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரு நாள் வரம்பைத் தொடும். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு நினைவக அளவை ஒரு கோப்பில் சேர்த்து, மறுநாள் ஒரு வரைபடம் போட்டால் போதும். கோடு ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஏறி ஓரிடத்தில் நிதானித்தால் அது வெறும் பசி; நினைவகத்தைக் கூட்டுங்கள், விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது. டீமனை எழுப்பிய உடனே மறுபடி சாகும். எழுப்பு, சாகும். எழுப்பு, சாகும். 335, 435, 235 சாட்சிக் கூண்டில் ஏறுவது இப்போது. அண்டை சர்வர் ஒரு பதிவை அனுப்புகிறது. அதன் தலைப்பில் ஏதோ வக்கிரம்; டீமன் அதைப் பிரித்துப் படிக்கும்போதே விழுகிறது. 235 போய்ச் சேரவில்லை. எனவே அண்டை சர்வர், நெறிமுறைப்படி மிகப் பொறுப்பாக, அந்தப் பதிவைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு, இணைப்பு மீண்டதும் அதையே மறுபடி அனுப்புகிறது. எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்ற நேர்மையே சர்வரைத் திரும்பத் திரும்பக் கொல்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு: பதிவு முழுதாக ஏற்கப்படும் முன்பே சாவு வந்துவிடுவதால் ஹிஸ்டரியிலோ ஸ்பூலிலோ அதன் சுவடு இருக்காது. இங்கே கோர் கோப்புக்கு முழு மதிப்பு. டீமன் கடைசியாகக் கையில் வைத்திருந்த பஃபரை டிபக்கரில் அச்சிட்டால் பதிவின் அடையாளம் அதிலேயே கிடைக்கும். அந்த அடையாளத்தை ஹிஸ்டரியில் முன்கூட்டியே சேர்த்துவிட்டால் அடுத்த முறை டீமன் 435 சொல்லிவிடும். விஷம் வாசலிலேயே நின்றுவிடும். ஆனால் அண்டை சர்வரின் நிர்வாகியிடம் கேட்டு அந்தப் பதிவின் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளாமல் இதைச் செய்யக்கூடாது. வைத்தியம் முடிந்ததும் நோயின் மாதிரியைத் தூக்கிப் போட்டால், மென்பொருளில் உள்ள ஓட்டை அப்படியே இருக்கும்.

வெளியிலிருந்து வரும் குப்பை நிரலைக் கொல்லும் என்பதை ஆய்வாக்கிக் காட்டியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர். 1988இல் புயல் மழை இரவொன்றில் வீட்டிலிருந்து மோடம் வழியாக யூனிக்ஸில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைபேசிக் கம்பியில் ஏறிய இரைச்சல் கட்டளைகளுக்குள் வேண்டாத எழுத்துகளைச் செருகியது. செருகியதில் அவருக்கு வியப்பில்லை. அந்த எழுத்துகளால் சாதாரண யூனிக்ஸ் நிரல்கள் செத்ததில்தான் வியப்பு. மாணவர்களிடம் இதையே ஒரு பயிற்சியாகக் கொடுத்தார்: கன்னாபின்னா எழுத்துகளை உண்டாக்கி எல்லா நிரல்களுக்கும் ஊட்டுங்கள். 1990இல் வெளியான முடிவு: சோதித்த எந்த யூனிக்ஸ் வகையிலும் 25 முதல் 33 சதவீத நிரல்கள் விழுந்தன, அல்லது தொங்கின. பெரும்பாலான காரணங்கள் மிகச் சாதாரணம். எல்லை பார்க்காமல் அடுக்கில் எழுதுவது. ஒரு ஃபங்ஷன் தோற்றேன் என்று சொன்னதைக் காதில் வாங்காமல் மேலே போவது. மில்லர் ஃபஸ் என்று பெயரிட்ட அந்த முறை இன்று உலாவிகளையும் கர்னலையும் சோதிக்கும் அன்றாட ஆயுதம். யூஸ்நெட் சர்வர்களோ அந்தச் சோதனையில் எழுபத்தொன்பதிலிருந்தே, விரும்பாமலே, உட்கார்ந்திருந்தன.

விழுந்து சாவதுகூட நல்லது என்று சொல்லத்தக்க சந்தர்ப்பமும் வந்தது. குழு உருவாக்கு, பதிவை நீக்கு என்று சர்வருக்கே உத்தரவிடும் கன்ட்ரோல் செய்திகள் யூஸ்நெட்டில் உண்டு. ஐஎன்என்னின் பழைய பதிப்புகள் அந்தச் செய்திகளின் தலைப்பிலிருந்த சொற்களைச் சரியாகச் சலிக்காமல் ஷெல்லிடம் ஒப்படைத்தன. செய்தியில் ஷெல் கட்டளையை ஒளித்துவைத்தால் சர்வர் அதை ஓட்டும், விழாது, முனகாது. 1997 பிப்ரவரியில் செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. சத்தம்போட்டுச் சாகிற பிழை நேர்மையானது. சத்தமில்லாமல் கீழ்ப்படிகிற பிழைக்குத்தான் பயப்பட வேண்டும்.

சில சாவுகளுக்கு சர்வரை எழுதியவரும் காரணமில்லை, எழுதி அனுப்பியவரும் இல்லை, நிர்வாகியே காரணம். ஐஎன்என் ஆக்டிவ் கோப்பை மற்ற கோப்புகளைப் போலத் திறந்து படிப்பதில்லை. எம்மேப் என்ற வசதியால் அதைத் தன் நினைவகத்தின் ஒரு பகுதியாகவே பாவித்துக்கொள்ளும். எண்ணை மாற்றினால் கோப்பிலும் மாறும். வேகமான முறை. ஆனால் டீமன் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து, ஒரு குழுவின் பெயரைத் திருத்திச் சேமித்தால், எடிட்டர் முதலில் கோப்பை வெறுமையாக்கிவிட்டுப் பிறகுதான் எழுதும். அந்த இடைவெளியில் டீமன் கை வைத்தால் அதற்குக் கீழே தரையே இல்லை. பஸ் எரர். சிக்னல் 11ஆக இல்லாமல் பஸ் எரர் வந்தால், நினைவகத்தோடு இணைத்த கோப்பு சுருங்கியதா, அல்லது அது இருந்த வட்டு நிரம்பியதா என்று முதலில் பார்க்க வேண்டும். வரவை நிறுத்திவைத்து, திருத்தி, மறுபடி ஏற்றச் சொல்வதற்குக் கட்டளைகள் இருக்கின்றன. ஒரே ஒரு எழுத்துதானே என்று அதைத் தாண்டிப் போகிறவர்களால்தான் இந்தச் சாவு இன்னும் வழக்கொழியவில்லை.

எந்த வடிவத்திலும் அடங்காமல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு சிக்னலில் விழுந்தால்? டீமன் மட்டும் விழுகிறதா, அதே கணினியில் கம்பைலரும் ஷெல்லும்கூட அவ்வப்போது விழுகின்றனவா என்று பாருங்கள். மற்றவையும் விழுந்தால் நிரலை விட்டுவிட்டு மெமரி சில்லைச் சந்தேகியுங்கள். மலிவான, பாரிட்டி இல்லாத ரேம் பரவலாக விற்ற தொண்ணூறுகளில் இது அபூர்வமே இல்லை. ஒரு சில்லில் ஒரு பிட் புரண்டால் போதும்.

இந்த நோய்களில் பாதிக்கு நிரந்தர மருந்து, பிழைதிருத்தத்தால் வரவில்லை; வடிவமைப்பை மாற்றியதால் வந்தது. 1997இல் சிஸ்டம் நிர்வாகிகளுக்கான லிசா மாநாட்டில் ஸ்காட் ஃப்ரிட்சி, சிஎன்எஃப்எஸ் என்ற சுழல் சேமிப்பு முறையை முன்வைத்தார். பதிவுக்கு ஒரு கோப்பு என்பதை விட்டுவிட்டு, நிலையான அளவுள்ள சில பெரிய கோப்புகளை வைத்துக்கொண்டு, அவற்றில் வரிசையாக எழுதிக்கொண்டே போய், கடைசியை எட்டியதும் மறுபடி தொடக்கத்திலிருந்து பழையவற்றின் மேலேயே எழுதுவது. ஐநோடு தீராது, ஏனென்றால் கோப்புகளே சில. வட்டு நிரம்பாது, ஏனென்றால் அளவு நிலையானது. பதிவை ஒவ்வொன்றாக அழிக்கும் வேலையும் இல்லை. வெள்ளமாகப் பதிவுகள் வரும் நாளில் பழையவை சீக்கிரமே மறைந்துவிடும், அவ்வளவுதான் நஷ்டம். ஐஎன்என்னின் இரண்டாம் பதிப்பு வரிசை இதை ஏற்றுக்கொண்டது.

விழுந்ததும் தானாக எழுப்பிவிடும் ஸ்கிரிப்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது இல்லாமல் இன்று யாரும் சர்வர் நடத்துவதில்லை. தூக்கம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் எழுப்புவதற்கு முன் கோர் கோப்பை நேரத்தோடு பெயர்மாற்றி ஒதுக்கி வைக்காத ஸ்கிரிப்ட், தடயத்தை அழிக்கும் ஸ்கிரிப்ட். பழைய யூனிக்ஸில் எல்லாக் கோர்களுக்கும் ஒரே பெயர் என்பதால், இரண்டாவது சாவு முதலாவதன் மேலேயே எழுதிவிடும். முதலாவதில்தான் பெரும்பாலும் உண்மையான காரணம் இருக்கும். பின்னால் வந்தவை பாதி சிதைந்த ஹிஸ்டரியைப் படித்துச் செத்தவையாக இருக்கும். எத்தனை முறை எழுப்பலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். பத்து நிமிடத்தில் ஐந்து முறை செத்ததை ஆறாவது முறை எழுப்புவதில் பயனில்லை; மனிதரை எழுப்புங்கள்.

சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள பல லினக்ஸ் வகைகளில் இந்தத் தொல்லை இப்போது குறைந்திருக்கிறது. செத்த நிரல்களின் கோர்களை அதுவே பெயர், நேரம், சிக்னல் எண்ணோடு சுருக்கிச் சேமித்து, பழையதைத் தானே அகற்றுகிறது. கோர்டம்ப்சிடிஎல் என்ற கட்டளை அந்தப் பட்டியலைக் காட்டும். உங்கள் கணினி லினக்ஸில் ஓடுகிறதென்றால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமலே நாலைந்து நிரல்கள் அதில் இருக்கக்கூடும்.